இல்-பிசார் வில்வம்

செடிகொடிகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கதை உலவுகிறது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான். பதினொரு வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் மூலிகைப் பத்தி எழுதி வருகிறேன். வாசகர்கள் காய்ந்த இலையைக் கடித உறைக்குள் வைத்து அனுப்பி, இது என்ன என்று கேட்பார்கள். தெரிந்தால் பெயரை எழுதுவேன். தெரியாவிட்டால் ‘அரிய வகை’ என்று எழுதுவேன். இந்தத் தகுதியோடு மொன்றியலுக்குப் போய், அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தொடக்கூடாது என்று தெரிந்த ஒரு நச்சுச் செடியில் நூற்றெட்டு இலை பறித்து எண்ணி, ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றி, மருமகளின் வீட்டு ஓமத்தில் போடும்படி கொடுத்தேன். அதை எரித்தால் புகையும் நஞ்சு என்று எனக்குத் தெரியவந்தபோது ஓமத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

போன காரணம் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். அக்காவின் மகள் துஷா இல்-பிசாரில் வீடு வாங்கியிருந்தாள். அக்காவும் அத்தானும் முப்பது வருடமாக ரொக்ஸ்பரோவில் இருப்பவர்கள். பாலம் ஒன்றைக் கடந்தால் மகளின் தீவு. தாய்மாமன் இல்லாமல் பால் காய்ச்சுவதில்லை என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றதால் எனக்கு விமானச் சீட்டு வந்தது.

புதன்கிழமை இறங்கினேன். அத்தான் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அவருக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும். சட்டைப்பையில் நீலநிற மருந்துக் குழல் ஒன்று, காற்சட்டைப் பையில் சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள். முதலாவது இந்த நாட்டுக் காற்றுக்கு, இரண்டாவது இந்த நாட்டுச் சாப்பாட்டுக்கு என்றார். வீட்டில் இடியப்பமும் சொதியும் இருந்தன. ஆனி மாதம் பிறக்கும் நேரத்திலும் அக்கா காலுறை போட்டுக்கொண்டு இடியப்பம் பிழிந்ததைத் தவிர, வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை அத்தான் என்னை வடக்கே ஒரு சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனார். வழியில் ஒரு பெட்டிக்கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கினோம். அதன் தலையில் பாற்கட்டித் துண்டுகளைக் கொட்டி, அதற்குமேல் பழுப்பு நிறக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். மொறுமொறு என்று பொரித்த ஒன்றை எதற்காக உடனே ஊறவைக்கவேண்டும் என்று கேட்டேன். அத்தான் போத்தலைத் திறந்து மிளகாய்த்தூள் தூவினார். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

சதுப்பு என்றால் நம் ஊர்க் கடனீரேரிச் சேறு என்று நினைத்திருந்தேன். இது வேறு. நிலம் முழுக்கப் பாசி. அழுத்தினால் பஞ்சு மெத்தைபோல் அமிழ்ந்து, தண்ணீரைக் கக்கி, பிறகு மெதுவாக எழும்புகிறது. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது இப்படி ஒன்றை யாரும் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தால் காதலர்களுக்கு இங்கே என்ன வேலை கொடுத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நின்றால் கால் புதையும், இருந்தால் வேட்டி நனையும். பலகைப் பாதையின் இரு பக்கமும் பஞ்சுப் புல் வெள்ளையாகத் தலையாட்டியது. முழங்கால் உயரப் புதர்களில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் துருநிறக் கம்பளி. குளிருக்கு அதுவும் காலுறை போட்டிருந்தது. இதில் தேநீர் வைப்பார்களாம். பாசிக்குள் பூச்சி பிடிக்கும் செடியின் சிவப்பு நரம்போடிய குடுவைகள் வாய்பிளந்து கிடந்தன. ஒன்றுக்குள் எட்டிப்பார்த்தேன். மழைத்தண்ணீரில் எறும்புகள் மிதந்தன.

அங்கேதான் என் அழிவு தொடங்கியது. குடுவைக்குப் பக்கத்தில், ஒரு சதக் குற்றிக் காசளவு இலைகள், நுனியெல்லாம் பனித்துளிபோல் பசை. “அழுகண்ணி” என்றேன். நம் ஊர் வயல்வரம்பில் மழைக்குப் பின் வருகிற அதே இனம். அத்தான் கைபேசியில் படம் பிடித்துத் தேடினார். சரியாக இருந்தது. “மச்சான், நீ உண்மையிலேயே விசயகாரன்தான்” என்றார். முப்பது வருடத்தில் அத்தான் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தரம்தான். தலை கிறுகிறுத்துவிட்டது.

அன்று மாலையே அதைக் காட்டிக்கொண்டேன். அக்கா குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு பையைக் காட்டினாள். ஓமத்துக்கு வில்வம், ரொறன்ரோவிலிருந்து உறையவைத்து வந்தது. பச்சைப் பட்டாணிக்கும் மீன் துண்டுக்கும் நடுவில் சிவபெருமானுக்குரிய இலை கல்லாகக் கிடந்தது. மூன்றாம் கண் உள்ளவருக்கு ஐஸ் கட்டியா படைப்பது என்று நான் ஒரு சிறு சொற்பொழிவே செய்தேன். அக்கா பையைத் திரும்ப வைத்துக் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை புது வீட்டைக் கழுவப் போனோம். துஷா மருந்தகத்தில் வேலை செய்பவள். எட்டு மாதக் குழந்தையை ஒரு இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் யன்னல் துடைத்தாள். கூரையிலிருந்த புகை அலாரத்துக்கு அத்தான் குளிக்கும்போது தலையில் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை மாட்டினார். இல்லாவிட்டால் ஓமத்துக்கு ஐயரோடு தீயணைப்புப் படையும் வரும் என்றார். நான் வாளியைத் தட்டி ஊற்றியதும் அக்கா என்னை வெளியே நடக்க அனுப்பினாள்.

பத்து நிமிட நடையில் காடு. உள்ளே போனால் சதுப்புக் குளத்தின்மேல் நீண்ட பலகைப் பாதை. நீலப் பூக்கள் வாள்போன்ற இலைகளுக்கு நடுவே நின்றன. கரையோரம் நம் சேம்பு இனத்தில் ஒன்று, வெள்ளை மடல் விரித்திருந்தது. மரநிழலில் நான்கு வெள்ளிதழ் கொண்ட குட்டிப் பூக்கள் தரையை மூடியிருந்தன. அவற்றுக்கு நான் பெயர் வைத்துக்கொண்டே நடந்தேன். பாதை காட்டுக்குள் திரும்பும் இடத்தில், வேலியடியில், அதைக் கண்டேன்.

ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலை சற்று நீண்டது. மினுமினுப்பு. தளிர்கள் செந்நிறம். இலைக்கக்கத்தில் வெண்பச்சையாகச் சிறு மொட்டுகள். வில்வத்தை அறிந்த எவனும் சொல்லிவிடுவான். முள் இல்லையே என்று ஒருகணம் யோசித்தேன். ஆடுமாடு மேயாத தீவில் முள்ளுக்கு என்ன வேலை என்று பதிலும் சொல்லிக்கொண்டேன். மரமாக இல்லாமல் முழங்கால் உயரத்தில் நிற்கிறதே? குளிர் வளர விடவில்லை. கசக்கி மணந்து பார்த்திருக்கலாம். ஆனால் சுவாமிக்குப் போகிற இலையை மணக்கக்கூடாது என்பது நான் சிறுவயது முதல் கடைப்பிடிக்கும் ஒரே ஒழுக்கம்.

பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை நட்டிருந்தார்கள். பிரெஞ்சில் இரண்டு வரி. அடியில் மூன்று இலைப் படம், குறுக்கே சிவப்புக் கோடு. எவ்வளவு அக்கறையாக வில்வத்தைப் பாதுகாக்கிறார்கள் என்று நெகிழ்ந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பறித்தேன்.

வீட்டுக்கு வந்து கராஜில் தனியாக உட்கார்ந்து எண்ணினேன். வேறு யாரும் தொடவேண்டாம் என்றேன். ஓம இலை, தீட்டுப்படக்கூடாது. ஒவ்வொன்றாகக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டேன். நூற்றெட்டு. பையை முடிந்து அக்காவின் கையில் கொடுத்தேன். பிறகு ரொக்ஸ்பரோ திரும்பி, சுவாமி அறையிலிருந்த திருநீற்றுக் கிண்ணத்தில் மூன்று விரலை வைத்து எடுத்து, பட்டையாகப் பூசினேன்.

சனிக்கிழமை பின்னேரம் கை கடித்தது, ஒரே அரிப்பு. சதுப்பில் சின்னக் கறுப்பு ஈக்கள் கடித்திருக்கும் என்றேன். நெற்றியும் கடித்தது. கண்ணிமை கனத்தது. ஞாயிறு காலை கண்ணாடியைப் பார்த்தால் நெற்றியில் மூன்று சிவப்புக் கோடுகள், அளவெடுத்துக் கீறியதுபோல். அத்தான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார்.

“சிவனே வந்து பூசி விட்டிருக்கிறார் மச்சான்.”

எனக்கும் அப்படி ஓர் எண்ணம் இருந்தது.

எட்டு மணிக்குப் புது வீட்டில் இருந்தோம். பத்தரைக்கு ஓமம். சமையலறைக்குள் போனால் அக்கா விரட்டினாள், கூடத்துக்குள் போனால் துஷா விரட்டினாள். பத்து மணிக்கு முன் வந்துவிடு என்று சொல்லி வெளியே விட்டார்கள். வெள்ளைப் பூ கொஞ்சம் பார்க்கலாம் என்று பலகைப் பாதையின் கடைசிவரை போய்விட்டேன்.

அங்கே ஒரு பெண்மணி மண்டியிட்டு, கண்ணில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், றப்பர் சப்பாத்து. பெயர் லீஸ். அவருடைய ஆங்கிலத்தில் பிரெஞ்சு இருந்தது, என்னுடையதில் யாழ்ப்பாணம். ஆனாலும் பூக்களைப் பற்றிப் பேச அது போதுமாக இருந்தது. நானும் ஒரு தாவரவியல் எழுத்தாளன் என்றேன். எங்கள் நாட்டுப் புனித மரம் ஒன்று இங்கே வளர்வது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டு, இரண்டு எட்டு நடந்து, வேலியடிக்குக் கையை நீட்டினேன்.

லீஸ் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். அந்த வயதில் அவ்வளவு பலம் எதிர்பார்க்கவில்லை. இருவரும் பலகைப் பாதையில் உட்கார்ந்துவிட்டோம்.

“தொடாதீர்கள். பலகையைப் பார்க்கவில்லையா?” பிறகு என் நெற்றியைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். “ஏற்கனவே தொட்டிருக்கிறீர்கள்.”

அவர் சொன்னதன் சுருக்கம் இது. இலையில், தண்டில், வேரில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய். தோலில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் கொப்புளம். உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவினால் தப்பலாம். நான் கழுவவில்லை, திருநீறு பூசினேன். கவலைப்படாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நல்ல ஆசிரியர்களைப்போல் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார்.

“ஒன்று மட்டும். எரிக்கவே கூடாது. புகையை மூச்சில் இழுத்தால் அதே கொப்புளம் நெஞ்சுக்குள் வரும்.”

மணி பத்தாக இன்னும் பத்து நிமிடம்.

ஓமத்தில் அதைத்தான் எரிக்கப்போகிறார்கள் என்று நான் சொன்னதை அவர் இரண்டு தரம் கேட்டார். வீட்டுக்குள்ளா? ஆம். யன்னல்? குழந்தைக்குக் காற்றுப் படக்கூடாது என்று சாத்தியிருக்கிறார்கள். புகை அலாரம்? அதற்குத் தொப்பி போட்டிருக்கிறோம். லீஸ் எழும்பிவிட்டார்.

என் கைபேசி அந்த நாட்டில் வீட்டு வைஃபை இல்லாமல் வேலை செய்யாது. அவருடைய கைபேசியைத் தந்தார். அப்போதுதான் தெரிந்தது, அக்காவின் இலக்கமோ அத்தானின் இலக்கமோ துஷாவின் இலக்கமோ எனக்குத் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இலக்கம் யாழ்ப்பாணத்தில் என் மனைவியுடையது. அவள் அக்காவுக்குத் தொலைபேசி அடித்துச் சொல்லிவிடுவாள். எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தேன். நின்றது. தெரியாத வெளிநாட்டு இலக்கம் வந்தால் தொடக்கூடாது, எல்லாம் மோசடி என்று அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தவன் நான். என் பேச்சை அவள் கேட்கிற ஒரே விடயம் அது.

பலகைப் பாதையில் ஓடினோம். ஓடினோம் என்பது லீசுக்குப் பொருந்தும். நான் பின்னால் வந்தேன். வலது இமை முக்கால்வாசி மூடிவிட்டதால் பாதை பாதிதான் தெரிந்தது. அத்தானின் நெஞ்சுதான் மனதில் நின்றது. சாம்பிராணிப் புகைக்கே குழலைத் தேடுகிற மனிதர், மகளின் வீட்டில் முதல் ஆளாக ஓமத்துக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். மடியில் பேரப்பிள்ளை.

வண்டித் தரிப்பிடத்தில் லீஸ் கதவைத் திறக்குமுன் என்னை நிறுத்தினார். அவரிடம் ஒரு நாய் உண்டு. நாயின் கழிவை அள்ளுகிற பச்சைப் பை இரண்டை எடுத்து என் இரு கைகளிலும் மாட்டி, மணிக்கட்டில் முடிந்தார். எதையும் தொடவேண்டாம் என்றார். அவரே எனக்கு இருக்கைப் பட்டியும் கட்டிவிட்டார்.

இல்-பிசாரைச் சுற்றுகிற வீதி ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள்காரருக்குச் சொந்தம். எங்களுக்கு முன்னால் முப்பது பேர், உடம்போடு ஒட்டிய கலர்ச் சட்டை, நாலு பேர் ஒரு வரிசையில், கதைத்துக்கொண்டு போனார்கள். முந்த இடமில்லை. லீஸ் ஹோர்ன் அடிக்கவில்லை. அந்த நாட்டில் அது கெட்ட வார்த்தைக்குச் சமமாம். எங்கள் ஊரில் என்றால் இதற்குள் நான் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்தியிருப்பேன். கத்தினேன். தமிழில்தான் வந்தது. ஒருவர் திரும்பிப் பார்த்து, பச்சைப் பைக்குள் இருந்த என் கையைக் கண்டு, சிநேகமாகக் கையசைத்தார்.

மணி பத்து இருபது.

“எந்த வீடு?” என்றார் லீஸ், தெருவுக்குள் திரும்பி.

“நீலக் கராஜ் கதவு.”

அவர் வண்டியை மெதுவாக்கி விரலைக் காட்டினார். தெருவில் ஆறு நீலக் கராஜ் கதவு இருந்தது. ஒவ்வொன்றாகத் தாண்டினோம். வளைவு திரும்பியதும் ஒரு வாசற்படியில் நாற்பது சோடி செருப்பு கிடந்தது. அந்தத் தீவில் அது வேறு யாருடைய வீடாகவும் இருக்க முடியாது.

கதவைத் தோளால் தள்ளினேன். கூடம் முழுக்கப் புகை. பத்தரைக்கு என்ற ஓமம் ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கியிருந்தது. ஐயருக்கு மத்தியானம் இன்னொரு குடிபூரலாம். என் ஊரில் நான் பார்த்த எந்த ஐயரும் குறித்த நேரத்துக்கு முன் தொடங்கியதில்லை. அத்தான் எதிரில் சம்மணம் போட்டு இருந்தார். இருமிக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டுங்கோ. வில்வத்தைப் போடாதேங்கோ.”

ஐயர் நெய்க் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நிமிர்ந்தார். நெற்றியில் மூன்று சிவப்புப் பட்டை, ஒற்றைக் கண், கையில் பச்சைப் பை, பின்னால் றப்பர் சப்பாத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் பல ஊர்களில் பூசை செய்தவர். முகம் மாறவில்லை.

“வில்வமோ? அது போட்டு முடிஞ்சுது தம்பி. நூற்றெட்டும் போட்டாச்சு.”

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக நினைவில்லை. அத்தானின் கக்கத்துக்குள் இரு கையையும் கொடுத்துப் பின்னால் இழுத்தேன். லீஸ் யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். துஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடுகிறவர்களைக் கண்டால் முதலில் ஓடி, பேந்து விசாரிக்கிற சனங்கள் நாங்கள். கூடத்தில் ஐயரும் நெருப்பும் மட்டும் மிஞ்சினார்கள். அத்தான் புல்லில் உட்கார்ந்து குழலை இரண்டு தரம் இழுத்தார். நான் அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஏறி இறங்கியது. ஒவ்வொரு இறக்கமும் கடைசி என்றே எனக்குப் பட்டது.

அக்கா பாயாசக் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

“என்ன தம்பி கூத்து இது?”

சொன்னேன். நஞ்சு, எண்ணெய், புகை, நெஞ்சு.

“உதுக்கோ இந்த ஓட்டம்?” என்றாள். “ஐயர் போட்டது ரொறன்ரோ வில்வம். நீ கொண்டுவந்தது கராஜில தொங்குது. முடிச்சும் அவிழ்க்கேல்ல.”

நான் புல்லில் உட்கார்ந்தேன். அத்தான் இருமலுக்கு நடுவே, நெய்ப்புகைக்கு எனக்கு எப்பவும் இப்படித்தான் மச்சான் என்று சொல்லி, என் முதுகைத் தட்டப்போய், என் பச்சைப் பைகளைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து ஐயரின் குரல் வந்தது.

“அக்கினி இன்னும் அணையேல்ல. வாறாக்கள் வந்து இருங்கோ. எனக்கு ஒரு மணிக்கு மற்றக் குடிபூரலுக்கு லாவாலில நிக்கவேணும்.”

எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். என்னை மட்டும் கராஜ் வாசலில் கதிரை போட்டு இருத்தினார்கள். துஷா கையுறை போட்டு என் கைகளைக் கழுவி மருந்து பூசினாள். என் சட்டையையும் வேட்டியையும் தனியாகக் கட்டினாள். லீஸ் அந்த இலைப் பையை மேலும் இரண்டு பைக்குள் போட்டு, குப்பையில் போடவேண்டும், மக்கும் குப்பையில் அல்ல என்று எழுதியும் ஒட்டினார். பிறகு தரையில் உட்கார்ந்து வாழையிலைத்தாளில் சோறு சாப்பிட்டார். இரண்டாம் தரம் வடை கேட்டார். அத்தான் அவருக்கு மிளகாய்த்தூள் போத்தலை அறிமுகப்படுத்தினார்.

பால் பொங்கியதை நான் பார்க்கவில்லை. தாய்மாமன் இல்லாமலே பொங்கியது.

திங்களும் செவ்வாயும் இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தேன். மொன்றியலைப் பற்றி அந்த இரண்டு நாளை வைத்து நான் எழுதக்கூடியது, அங்கே காகம் நம் ஊரைவிட மெதுவாகக் கரைகிறது என்பது மட்டும்தான். புதன்கிழமை ஒரு கண் திறந்தபோது எதிரில் அத்தான் இருந்தார். அவருடைய நெற்றியில் மூன்று மெல்லிய சிவப்புக் கோடு. என் விரல் பட்ட திருநீற்றுக் கிண்ணத்தை மறந்துவிட்டோம். லேசாகத்தான் கடிக்குது, ஒரு பக்தனுக்கு இவ்வளவு காணும் என்றார். கிண்ணத்தை அக்கா அன்றே கழுவிக் கவிழ்த்தாள்.

ஊருக்குத் திரும்புகிற நாள் அக்கா எனக்குப் பொதி கட்டிக்கொண்டிருந்தாள். மனதில் கிடந்ததைக் கேட்டேன். நான் அவ்வளவு சொல்லியும், அவ்வளவு பக்தியாக எண்ணித் தந்தும், அந்த இலையை ஏன் ஐயரிடம் கொடுக்கவில்லை? ஏதோ உள்மனம் எச்சரித்ததா? அம்மாள் கனவில் வந்தாளா? என் அடுத்த பத்திக்கு அது நல்ல முடிவாக இருக்கும் என்று ஓர் எண்ணம்.

அக்கா பெட்டியின் சிப்பை இழுத்து மூடினாள்.

“உன்ர பத்தியை நான் ஒரு கிழமையும் விடாமல் வாசிக்கிறனான் தம்பி. அதுதான் குடுக்கேல்ல.”